யானை தின்ற மிட்டாய்

மிஷ்கோல்ட்சில் லிஃப்ட் பழுதுபார்க்கும் பர்னாவுக்கு
கிரீஸ் தெரியும், கம்பிவடம் தெரியும்,
சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்பது தெரியாது.
ஆவியில் உருகிக்கொண்டிருந்த கிண்ணத்தில்
அவன் மூக்குக்கண்ணாடியிலிருந்து
விழுந்தது ஒரே ஒரு சொட்டு.
பட்டாய்ப் பளபளத்தது
ஆற்று மணலாய்த் திரிந்துகொண்டது.

"கெடுத்துட்டியே அப்பா," என்றாள் எமெஷே.
ஏழு வயது.
சனி, ஞாயிறு மட்டும் அவனுடையவள்.
இருபத்து நான்காம் தேதி இரவு
தீர்ப்பில் அம்மா பக்கம் எழுதியிருக்கிறது.

கெட்டதில் பாலூற்றிக் காய்ச்சிக் குடித்தார்கள்.
கடைக்கு ஓடி இன்னும் இரண்டு கட்டி.
இம்முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு
குத்துமதிப்பாகக் கிண்டினான்.

தேங்காய்த் துருவல், வெண்ணெய், பொடித்த சர்க்கரை.
உருட்டியதெல்லாம் அவள்:
ஒன்று கோலிக்குண்டு, ஒன்று எலுமிச்சை,
ஒன்று எந்த உருவத்துக்கும் கட்டுப்படாதது.
முள்கரண்டியில் ஏற்றி, முக்கி, தட்டி, தாளில் இறக்கி
தட்டோடு பால்கனியில் வைத்தார்கள்.
வெளியே மைனஸ் நான்கு.
ஒரு சிட்டு வந்து கம்பியில் உட்கார்ந்து
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.

பிறகு கத்தரிக்கோல்.
மெல்லிய வெள்ளைத் தாளின் இரு முனையையும்
விரல் நீளத்துக்குக் குஞ்சமாக நறுக்கி
மேலே சிவப்பு ஜிகினா சுற்றி
இரு பக்கமும் முறுக்கினால் ஸலோன்சுக்கோர்.
அந்த ஊரில் இதைத் தட்டில் வைத்து நீட்ட மாட்டார்கள்,
கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள்.
வாடகை அறையில் மரத்துக்கு இடமில்லை.
மூலையில் அவனுடைய மடக்கு ஏணி நின்றது.
இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

முப்பத்திரண்டு. எண்ணி எண்ணி மாட்டினாள்.
அன்றிரவு அவன் குறட்டைக்கு நடுவே
ஏணி இரண்டு முறை கிரீச்சிட்டது.
எண்ணெய் போடணும் என்று
தூக்கத்திலேயே நினைத்துக்கொண்டான்.

கிளம்பும்போது பூட்ஸ் மாட்டியபடி உத்தரவு போட்டாள்:
"ஜனவரி ஆறு வரைக்கும்
ஒண்ணையும் தொடக் கூடாது அப்பா."

இருபத்து நான்கு. மாலை ஐந்து.
ஆவாஷ் குன்றின் அடுக்குமாடியிலிருந்து அழைப்பு:
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்கிறது.
ஏணி தேவைப்படாத வேலை, நல்லவேளை.
போகிற போக்கில் நாலைப் பறித்து,
யாரோ பார்ப்பதுபோல் திரும்பிப் பார்த்து,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கதவை நெம்பி ஒரு சாண் திறந்தான்.
உள்ளே ரோமக் கோட்டுப் பெண்மணி, ஒரு பையன், ஒரு வாளி.
வாளியில் வாயைத் திறந்து திறந்து மூடும் கெண்டை.
"சூப்புக்கு நேரமாச்சு," என்றாள் அவள்.
மீனுக்கு அவசரமில்லை.

"பத்து நிமிஷம். அதுவரை இதைச் சாப்பிடுங்க."
இடுக்கில் கை நுழைந்தது. பையன் பிரித்தான்.
ஒன்றுமில்லை.
இன்னொன்று:
முறுக்கு குலையாமல், குஞ்சம் கலையாமல்,
ஜிகினா உப்பி மின்ன, உள்ளே காற்று.
மூன்றாவது.
நான்காவது.
யானை உண்ட விளாங்கனி என்போமே,
இந்த யானைக்கு முன்பல் இரண்டு இல்லை,
சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏணி ஏறும்.

முதலில் சிரித்தது கோட்டுக்காரி.
பிறகு பையன். லிஃப்ட் குலுங்கியது.
"ஆட்டாதீங்க," என்று அதட்ட வாயெடுத்த பர்னா
சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து
கண்ணாடி நனையச் சிரித்தான்.
சொட்டு விழுந்தால் கெட்டுப்போக
இப்போது கீழே கிண்ணம் இல்லை.

மேலே போய் ஒரு ரிலேயை மாற்றினான்.
ஏழாம் மாடி வந்தது.
முதலில் கெண்டை இறங்கியது.
கடைசியாக வந்த பையன் மூடிய கையை நீட்டினான்.
நான்கும் மறுபடி முறுக்கப்பட்டிருந்தன,
ஒன்றில் மட்டும் குஞ்சம் கொஞ்சம் கோணல்.
"திரும்ப மாட்டிடுங்க," என்றான்,
"அடுத்து யாராவது வருவாங்க."